தாய்ப்பால்தானே கொடுத்தேன், பிறகெப்படிக் கரப்பான்?

உப்புவெளித் தாய்:
ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பால் சுரக்க வேண்டுமென்று சுறா வறையும் உள்ளியுமாகத் தின்றே நாளைக் கழித்தேன். மூன்றாம் மாதமே கன்னத்தில் கரப்பான், தோல் தடித்துச் சொறியும் நோய். இப்போது ஒன்றரை வயது. "நீ இறால் தின்றாய், பாலில் இறங்கிவிட்டது" என்றார் மாமி. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். போன கிழமை கிளினிக்கில் டாக்டர் பிள்ளையின் முழங்கை மடிப்பை விரித்துப் பார்த்துவிட்டு, என் கையைத் திருப்பச் சொன்னார். அதே இடம், அதே கறுத்துத் தடித்த தோல். சின்ன வயதில் நான் சொறிந்த சொறி. மாமி பக்கத்தில் நின்றார். சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து பால் கொடுக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கிண்ணியா வாப்பா:
மகனுக்குக் கரப்பானில் தொடங்கி இழுப்பில் போய் நின்றது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முந்திய கதை. நள்ளிரவு, ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையான பாதை அக்கரையில் கிடக்கிறது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் பிள்ளையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழி விழுகிறது. "என் பாலில் என்ன குறை?" என்று மனைவி அழுகிறார். எனக்கும் சின்னதில் இழுப்பு இருந்தது. கலியாணம் பேசும்போது உம்மா அதை மறைத்துவிட்டார். அந்தத் துறையில் நின்றாவது சொல்லியிருக்கலாம். நான்கு வருடம் கழித்துத்தான் சொன்னேன்.

பெரியகடை அக்கா:
தங்கச்சி, மாமி சொல்வதைத் தட்டாதீர்கள். என் மூத்தவளைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிப்பாட்டினோம், மாறியது. கத்தரிக்காய், இறால், நண்டு, கணவாய், அன்னாசி எல்லாம் கிரந்தி, சொறியைக் கிளப்பும். முட்டையையும் நிறுத்துங்கள். பாலையும் மறக்கச் செய்துவிடுங்கள்.

சாம்பல்தீவு, ஓய்வுபெற்ற தாதி:
பெரியகடை அக்கா, எல்லாவற்றையும் நிறுத்தினால் அந்தத் தாய் எதைத் தின்பது? சூடான நீர் கரப்பான் தோலை இன்னும் காயவைக்கும். பசுப்பால், முட்டைப் புரதம் தாய்ப்பாலில் சிறிதளவு இறங்குவது உண்மை. சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. டாக்டர் சொல்லி, ஒன்றைமட்டும் சில கிழமை நிறுத்திப் பார்ப்பது வேறு. இது குடும்பத்தில் ஓடுவது, தாய்வழியாகவும் தகப்பன்வழியாகவும். தோலைக் காப்பது ஃபிலாக்ரின் என்ற புரதம். அதன் மரபணு பழுதானால் கரப்பான் வரும் வாய்ப்புக் கூடும் என்று 2006 இல் கண்டார்கள். ஒவ்வாமை தரும் உணவைப் பிள்ளைக்குக் காட்டாமல் ஒளித்துவைத்தால் நல்லது என்ற எண்ணமும் பிழையென்றாகிவிட்டது. கடும் கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2015 இல் வந்தது: முதல் வருடத்திலேயே கச்சான் (நிலக்கடலை) உணவு தொடங்கியவர்களுக்குக் கச்சான் ஒவ்வாமை மிகக் குறைவு. அதற்காக டாக்டரைக் கேளாமல் வீட்டில் தொடங்கிவிடாதீர்கள். குளித்ததும் ஈரம் காயுமுன் களிம்பு பூசுங்கள். வீட்டில் யாரும் புகைக்க வேண்டாம். என் பிள்ளைகள் இருவருக்கும் இருந்தது; அது இன்னொரு நாளைக்கு.

உப்புவெளித் தாய்:
நான் சாப்பாடு பற்றிக் கேட்கவே இல்லையே. கிண்ணியா நானா, நீங்கள் சொன்னபோது உங்கள் மனைவி என்ன சொன்னார்?

கிண்ணியா வாப்பா:
ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் தேத்தண்ணீர் தரவில்லை.