மறுமொழி: ‘ரம்பிள் ஸ்ட்ரிப்’புக்குத் தமிழில் என்ன? ‘தடை’ வேண்டாம், ‘அதிர்பட்டை’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ரம்பிள் ஸ்ட்ரிப்’புக்குத் தமிழ்ச்சொல் கேட்டு மயிலாடுதுறை அன்பர் தொடங்கிய இழையை முழுதும் படித்தேன். சாலையின் குறுக்கே ஐந்தாறு வெள்ளைப் பட்டைகளைத் தடிமனாகப் போட்டிருப்பார்களே, ஏறினால் வண்டி தடதடவென்று ஆடுமே, அதற்கு இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: சிறு வேகத்தடை, வேகத்தடுப்புக் கோடு, வேகவரப்பு, அதிர்வுப் பட்டை. முதல் இரண்டையும் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொல் அழகுக்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் குழப்பத்தில் நானே இரண்டு முறை மாட்டியிருக்கிறேன்.

வாரத்தில் மூன்று நாள் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போய் வருகிறேன். பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகப் பழைய சாலைதான் எனக்குப் பழக்கம். ஓராண்டாக வழியெங்கும் மாற்றம் தெரிகிறது. ஓரக்கோடுகளைப் புதிதாக அடித்திருக்கிறார்கள், வளைவுகளில் கறுப்பு மஞ்சள் அம்புப் பலகைகள் நிற்கின்றன, பள்ளிக்கூடம், கூட்டுரோடு எது வந்தாலும் முன்னால் இந்தப் பட்டைகள். நல்ல வேலைதான். ஆனால் பட்டைக்கு முன்னால் நட்ட பலகையில் ‘வேகத்தடை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை, நல்ல பனி. அந்தப் பலகை கண்ணில் பட்டதும் பிரேக்கை அழுத்தி வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த ‘குட்டியானை’ சரக்கு வண்டி என் பம்பரில் இடித்து நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கி வந்து, “தடை எங்கங்க இருக்கு? வெறும் தடதடாதானே, அதுக்கா நிறுத்துனீங்க?” என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அங்கே தடை ஏதும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து வேறொரு ஊரில் அதே எழுத்து, அதே அளவுப் பலகை. இதுவும் பட்டையாகத்தான் இருக்கும் என்று ஐம்பதில் போனேன். நிஜமான மேடு. பின்சீட்டில் இருந்த அம்மாவுக்குத் தலை கூரையில் மோதி வீங்கிவிட்டது. முதல் பலகை என்னைத் தேவையில்லாமல் நிறுத்தியது. அதனாலேயே இரண்டாவது பலகையை நான் நம்பவில்லை. ஒரே சொல் இரண்டு பொருளைக் குறித்தால் சாலையில் இதுதான் நடக்கும்.

இரண்டும் வேலையிலேயே வேறு. வேகத்தடை என்பது மேடு. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்குப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் தூக்கிப் போடும். அதாவது உண்மையிலேயே வேகத்தைத் தடுக்கிறது. பட்டை யாரையும் தடுப்பதில்லை. அறுபதில் போகிறவர் அறுபதிலேயே தாண்டிவிடலாம். ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் அதிர்வு ஏறும், காதில் டுர்ரென்று கேட்கும், முன்னால் ஏதோ இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும். அவ்வளவுதான் அதன் வேலை. தேசிய நெடுஞ்சாலைகளில் வேகத்தடைகளை எடுத்துவிடச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016-இல் சுற்றறிக்கை அனுப்பியது; தேவைப்படும் ஆபத்தான இடங்களில் பட்டைகளுக்கு மட்டும் இடம் உண்டு. அரசே இரண்டையும் பிரித்து வைத்திருக்கும்போது நம் சொல் ஏன் சேர்த்து வைக்க வேண்டும்?

டெல்டாவில் இந்தப் பட்டைக்குத் தனி மதிப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நம் பழைய சாலைகளில் பாதி ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் போகின்றன. அரசலாறு வளைந்தால் சாலையும் வளையும். பனி இறங்கிவிட்டால் பலகையில் எழுதி வைத்ததும் தெரியாது, வெள்ளைக்கோடும் தெரியாது. கண் உதவாத நேரத்தில் சக்கரத்தின் வழியாக வருகிற இந்த எச்சரிக்கைதான் மிச்சம்.

பட்டை போடுவதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூட்டையிலிருந்து தெர்மோபிளாஸ்டிக் தூளைக் கொப்பரையில் கொட்டி 200 டிகிரி வரை காய்ச்சுகிறார்கள். கூழாக உருகியதைத் தள்ளுவண்டிப் பெட்டியில் ஊற்றி இழுத்துக்கொண்டே போகிறார்கள். மேலே கண்ணாடி மணிகளைத் தூவுகிறார்கள், சர்க்கரையைவிடப் பொடிசு. ராத்திரி விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது அதுதான். சில நிமிடத்தில் இறுகிவிடுகிறது. சாதாரணக் கோட்டுக்கு ஒரு பூச்சு போதும். இந்தப் பட்டைக்கோ பூச்சின் மேல் பூச்சாகப் போட்டுத் தடிமன் ஏற்றுகிறார்கள். தை அறுவடையின்போது அதே இடத்தில் ஒரு அம்மா நெல்லைக் காய வைத்திருந்தார். கூட்டி அள்ளிய பிறகும் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் நெல் தங்கிவிட்டது. குந்தி உட்கார்ந்து ஈர்க்குமாறால் ஒவ்வொரு சந்தாகக் கூட்டிக்கொண்டிருந்தார். “இந்தப் பட்டையில ஒரு மரக்கா நெல்லு நிக்குதுய்யா” என்றார். பட்டை என்ற சொல்லை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வேகவரப்பு என்று எழுதிய மன்னார்குடி ஐயாவின் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. வயலில் வரப்பு தாண்டும்போது வண்டி குலுங்குவது நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் வரப்பும் வரம்பும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள். ‘வேக வரம்பு’ ஏற்கெனவே வேறொன்றுக்கு நிலைத்துவிட்டது. பலகையில் ‘வேக வரம்பு 40’ என்றும் அடுத்ததில் ‘வேகவரப்பு’ என்றும் இருந்தால் ஓடுகிற வண்டியில் யாராலும் பிரித்துப் படிக்க முடியாது. ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மிஞ்சுவது அதிர்வுப் பட்டை. பொருள் சரி, நீளம்தான் இடிக்கிறது. அதை ‘அதிர்பட்டை’ என்று சுருக்கினால் என்ன? ஆறே எழுத்து. வினைத்தொகை என்பதால் நடுவில் ப் மிகாது. ‘அதிர்ப்பட்டை’ என்று எழுதிவிட வேண்டாம்.

பட்டையா அதிர்கிறது, வண்டிதானே என்று திருவையாறு அம்மா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ஓடுதளத்தில் தளமா ஓடுகிறது? விமானம் ஓடுகிறது. ஆடுகளத்தில் களமா ஆடுகிறது? உண்கலத்தில் கலமா உண்கிறது? வினை நடக்கும் இடத்தையும் அதற்கான கருவியையும் வினைத்தொகையால் சொல்வது தமிழுக்குப் பழக்கமானது. வண்டி அதிரும் பட்டை அதிர்பட்டை.

இந்தச் சொல் கிளைக்கவும் இடம் தருகிறது. குறுக்கே போட்டால் குறுக்கு அதிர்பட்டை. நான்குவழிச் சாலைகளில் தூங்கி விலகும் ஓட்டுநரை எழுப்ப ஓரக்கோட்டை ஒட்டிப் போடுவது ஓர அதிர்பட்டை. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையில் சேத்தியாத்தோப்பு–சோழபுரம் 50 கி.மீ. பகுதியும் 2025 ஜூலையில் திறந்தாகிவிட்டது. ராத்திரியில் நேர்கோடாக நீளும் அந்த மாதிரிச் சாலையில் கண் அசரும் என்பதால் இந்த இரண்டாவது சொல்லும் நமக்குத் தேவைப்படும். தடிமன் இல்லாமல் வெறும் பூச்சாக இருப்பதைக் குறுக்குக்கோடு என்றே விட்டுவிடலாம். அது அதிராது.

பலகை வாசகத்துக்கு என் பரிந்துரை: ‘முன்னே அதிர்பட்டை’. ‘உள்ளது’, ‘கவனம்’ எதுவும் வேண்டாம். மேடு இருக்கும் இடத்தில் மட்டும் ‘வேகத்தடை’.

மறுப்பு இருப்பவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள். சாலையில் பதிக்கும் ஒளிரும் குமிழ்களுக்குப் ‘பூனைக்கண்’ போதுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதைத் தனி இழையாகத் தொடங்குவோம், இதில் கலக்க வேண்டாம்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து