கட்டிலுக்கடியில் 23 புத்தகங்கள்: எதைப் படிப்பது, எதை விடுவது?

கேட்டவர்: பறக்கும் ரயில் பயணி (திருவல்லிக்கேணி)

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு இரண்டு நாள் போனேன். பத்து சதவீதக் கழிவு போக 5,800 ரூபாய். கதை பதினொன்று, அரசியல் ஏழு, வேலைக்கானது ஐந்து. இப்போது ஆடி பிறந்துவிட்டது. முழுசாக முடித்தது இரண்டே இரண்டு. மற்றவை கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. அம்மா பெருக்கும்போதெல்லாம் துடைப்பத்தால் அதை ஒரு இடி இடிப்பார். அது எனக்கு விழும் இடிதான்.

எனக்குப் படிக்கக் கிடைப்பது ரயிலில்தான். திருவல்லிக்கேணியில் ஏறி தரமணியில் இறங்குவேன். உட்கார இடம் கிடைத்தால் போக, வர சேர்த்து முக்கால் மணி நேரம் தேறும். அந்த முக்கால் மணியை எதற்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

என் அனுபவம் இப்படி இருக்கிறது. விருது வாங்கிய 700 பக்க நாவல் ஒன்றில் 90 பக்கம் தாண்டவே ஒரு மாதம் ஆனது, விடவும் மனசில்லை. ஒரே காலகட்டத்தைப் பற்றி இரண்டு கட்சிக்காரர்கள் எழுதிய இரண்டு நூல்களைப் படித்தேன். இரண்டும் ஒரே ஊரைப் பற்றியவைதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. போதாததற்கு லஸ் முனை நடைபாதையில் 150 ரூபாய்க்கு பைத்தான் என்ற கணினி மொழி பற்றி ஒரு புத்தகம் வாங்கினேன். அட்டை கசங்காமல் புதுசுபோல இருந்தது. அதைப் பார்த்து அடித்த முதல் புரோகிராமே, ஒற்றை வரி, பிழை காட்டியது. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் காலத்துப் புத்தகம் பாஸ்?" என்று சிரித்தார்.

வாங்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? வாங்கித் தொலைத்த பிறகு எந்த இடத்தில் கைகழுவுகிறீர்கள்?

பதில்: பழைய மெய்ப்பு (ராயப்பேட்டை)

தம்பி, நான் 31 வருஷம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். ஈய எழுத்துக் காலத்தில் சேர்ந்து, கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி காலத்தில் வெளியே வந்தேன். நாவல், பாலிடெக்னிக் பாடநூல், கட்சிக்காரர் வாழ்க்கை வரலாறு எல்லாம் ஒரே மேஜைக்குத்தான் வரும். பிடிக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாக வேண்டும். அதனால் ஒரே ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், பார்த்ததும் மீதி எப்படி இருக்கும் என்று பிடிபட்டுவிடும்.

முதல் ஃபாரத்தை நம்பாதீர்கள். அதை எல்லா எழுத்தாளரும் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துத்தான் அனுப்புவார். எட்டாவது, ஒன்பதாவது ஃபாரத்தில் மனிதர் களைத்திருப்பார். சரக்கு இருக்கிறதா இல்லையா என்று அங்கேதான் தெரியும். கடையில் நின்றபடியே 120ஆம் பக்கத்தைப் பிரித்து நாலு பக்கம் படியுங்கள். கதையாக இருந்தால், பேசுகிறவர் பெயரை விரலால் மூடிக்கொண்டு பேச்சை மட்டும் பாருங்கள். மாமியார் பேசுவதும் கலெக்டர் பேசுவதும் ஒரே மாதிரி இருந்தால் மூடி வைத்துவிடுங்கள்.

தொடர்கதைக்கு இந்தச் சோதனை சரிவராது. பொன்னியின் செல்வன் 1950இலிருந்து 54வரை வாராவாரம் வந்தது. நடுவில் பிரித்தால் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே புரியாது. அங்கே பார்க்க வேண்டியது பதிப்பை. நாட்டுடைமை ஆன எழுத்து, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஐந்து பாகத்தையும் ஒரே தலையணையாக அடைத்து, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் விற்பவர்களும் உண்டு. 'சுருக்கம்' என்ற வார்த்தையை அட்டை மூலையில் எறும்பு அளவில் போடுபவர்களும் உண்டு.

அடுத்தது, தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் விவரப் பக்கம். அதை யாரும் படிப்பதில்லை. நான் முதலில் படிப்பதே அதைத்தான். 'பதிப்பு' என்றால் ஆசிரியர் மறுபடி கை வைத்திருக்க வேண்டும். 'அச்சு' என்றால் மிஷின் மறுபடி ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். பலர் வேண்டுமென்றே இரண்டையும் குழப்புவார்கள். ஒரு கணினிப் பாடநூலை நாங்கள் ஏழு தடவை அச்சேற்றினோம். ஏழாவது தடவையும் ஃபிளாப்பி டிஸ்க் அத்தியாயம் அப்படியேதான் இருந்தது. என்னிடம் திருத்தச் சொன்னது முன்னால் இருந்த வருஷத்தை மட்டும். மொழிபெயர்ப்பு நாவலாக இருந்தால், நேரடியாக மூலமொழியிலிருந்து வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்றும் அதே பக்கத்தில் பாருங்கள். ஒன்றுமே போடவில்லை என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

காசு கொடுக்கும் முன் பக்க எண்களையும் விறுவிறுவென்று ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். பைண்டிங்கில் ஒரு ஃபாரம் இரண்டு தடவை சேர்ந்து, அடுத்த ஃபாரம் காணாமல் போவது உண்டு. அதற்கும் புரூஃப் பார்த்தவனைத்தான் திட்டுவார்கள்.

உங்கள் 700 பக்க நாவலை விட்டுவிடுங்கள். யாரும் கேஸ் போடமாட்டார்கள்.

பதில்: சோழிங்கநல்லூர்க்காரன்

ப்ரோ, உங்களுக்கு மாட்டியது பைத்தான் 2 புத்தகம். அதில் `பிரிண்ட்`டுக்குப் பிறகு அடைப்புக்குறி போட வேண்டியதில்லை. பைத்தான் 3இல் கட்டாயம். 3 வந்தது 2008இல். 2க்கான ஆதரவையே 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். நடைபாதையில் வாங்குவது தப்பில்லை, ஆனால் எந்த வெர்ஷன் என்று பார்க்காமல் வாங்கியது தப்பு.

நான் டூல் பற்றிய புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவதே இல்லை. பைத்தானுக்கு அதிகாரபூர்வ டாக்குமென்டேஷன் இலவசமாகவே இருக்கிறது, வெர்ஷன் மாறினால் அதுவும் மாறும். அடிப்படை பற்றிய புத்தகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பழசை வாங்குவேன். டேபிள் டேபிளாக டேட்டாவை வைக்கும் யோசனையை எட்கர் காட் என்ற கணினி விஞ்ஞானி எழுதியது 1970இல். இன்றைக்கும் இன்டர்வியூவில் அந்த டேபிள்களைச் சரியாகப் பிரித்து அமைக்கும் நார்மலைசேஷன்தான் கேட்கிறார்கள். உங்கள் ஐந்து புத்தகத்தில் அட்டையில் ஏதாவது சாஃப்ட்வேர் பெயர் இருப்பதை முதலில் படியுங்கள், இல்லாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அதெல்லாம் பால் பாக்கெட் மாதிரி.

பதில்: சைதை அக்கா

மெய்ப்பு ஐயா சொன்ன 120ஆம் பக்கம் அரசியல் நூலுக்கு உதவாது என்பது என் எண்ணம். நடை நன்றாக இருக்கும் பொய்களை நிறையப் படித்திருக்கிறேன்.

நான் வைத்திருப்பது மூன்று வருஷங்கள்: 1976, 1980, 1991. மூன்றிலும் தமிழ்நாட்டு ஆட்சியை மத்திய அரசு அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவைக் காட்டிக் கலைத்தது. 76 ஜனவரி 31இலும் 91 ஜனவரி 30இலும் போனது திமுக ஆட்சி. 80 பிப்ரவரியில் போனது எம்ஜிஆர் ஆட்சி. தமிழக அரசியல் என்று போட்ட எந்த நூலிலும் இந்த மூன்றையும் தேடிப் படிப்பேன். தன் கட்சி ஆட்சி போனபோது 'ஜனநாயகப் படுகொலை', எதிர்க்கட்சி ஆட்சி போனபோது ஒரே வரி என்றால், அந்த நூல் எந்த மேடையிலிருந்து பேசுகிறது என்று புரிந்துவிடும். அதற்காகத் தூக்கிப் போடமாட்டேன். கட்சிக்காரரின் நினைவுக் குறிப்பில் மட்டுமே கிடைக்கிற விஷயங்கள் உண்டு. யார் வீட்டில் எத்தனை மணிக்குக் கூடினார்கள் என்பதெல்லாம் பேராசிரியர்களுக்குத் தெரியாது. 91இல் ஆளுநர் அறிக்கை தராமலேயே கலைத்தார்கள் என்பதைச் சொல்கிற நூலுக்கு என்னிடம் கூடுதல் மதிப்பெண்.

இன்னொன்று, நாமே நேரில் பார்த்த ஒன்றை வைத்துச் சோதிப்பது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு ராத்திரி மொட்டை மாடியில் இருந்தவள் நான். செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்று எழுதாமல் 'இயற்கையின் சீற்றம்' என்று கடந்துபோகும் நூலை, மற்ற அத்தியாயங்களில் மட்டும் எப்படி நம்புவது?

அரசியல் நூலை உடனே வாங்காதீர்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் தேடுங்கள். இந்தியாவில் வெளியாகும் நூலில் ஒரு பிரதி அங்கே போக வேண்டும் என்பது 1954 சட்டம். எல்லாரும் அனுப்புகிறார்களா என்பது வேறு கதை. உங்கள் ரயில் கோட்டூர்புரத்திலும் நிற்குமே, அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இரண்டாம் மாடி முழுக்கத் தமிழ்தான். அந்த மூன்று வருஷத்தையும் அங்கேயே பார்த்துவிட்டு வரலாம்.

கேட்டவர்: பறக்கும் ரயில் பயணி

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை பெட்டியை வெளியே இழுத்தேன். வேலைக்கான ஐந்தில் மூன்றின் அட்டையில் சாஃப்ட்வேர் பெயர். ஒன்றை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கொடுத்தாயிற்று. அக்கா சொன்ன மூன்று வருஷத்தையும் என் ஏழு அரசியல் நூல்களில் தேடினேன். ஒன்றில் 1980 மொத்தமாகவே இல்லை. 79 முடிந்ததும் 84 வருகிறது. இன்னொன்றில் மூன்றும் இருந்தன, அதை நாளைக்கு ரயிலுக்கு எடுத்துப்போகிறேன்.

அப்புறம், மெய்ப்பு ஐயா, சும்மா விளையாட்டாகப் பக்க எண்களையும் தள்ளிப் பார்த்தேன். ஒரு நாவலில் 113இலிருந்து 128வரை இரண்டு தடவை இருக்கிறது, அதன் பிறகு நேராக 145. இதை என் தம்பி மாசியிலேயே என்னிடம் வாங்கிப் படித்து முடித்துவிட்டு, "பிரமாதம்டா, அதுவும் அந்த நடுப்பகுதி" என்று சொல்லியிருந்தான். அவனிடம் இன்னும் கேட்கவில்லை.