கோ-ஐபியில் (ஒரு புரதத்தை ஆன்டிபாடியால் இழுத்து, கூடவே எது வருகிறது என்று பார்க்கும் சோதனை) வந்த பேண்டை, அதாவது புரதம் காட்டும் கோட்டை, எப்போது நம்பினீர்கள்?

எங்களுக்கு வராத பேண்டுதான் பாடம். ஹெலா செல்லில் (லேபில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்) இரண்டு புரதங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்தோம். ஒன்றை ஆன்டிபாடியால் பிடித்து இழுத்தால் மற்றதும் கூடவே வரவேண்டும். லைசேட்டில் (செல்லை உடைத்த கரைசல்) இரண்டுமே இருந்தன, பிடித்தது பீட்ஸில் (ஆன்டிபாடியைப் பிடித்து வைக்கும் நுண்மணிகள்) அருமையாக வந்திருந்தது, கூட்டாளியை மட்டும் காணோம். லேபில் செல்லை உடைக்க வழக்கமாக ரைப்பா பஃபர். அதில் எஸ்டிஎஸ், டிஆக்சிகோலேட் என்ற கடுமையான டிடர்ஜென்ட்கள் உண்டு. வெஸ்டர்னுக்கு (ஜெல்லில் பிரித்த புரதத்தை ஆன்டிபாடியால் அடையாளம் காண்பது, பிளாட் என்பதும் இதுதான்) நல்லது, புரதம் நன்றாகக் கரையும். பலவீனமான பிணைப்பையோ பிரித்துவிடும். மென்மையான டிடர்ஜென்ட் உள்ள என்பி-40 பஃபருக்கு மாறி, எல்லாவற்றையும் 4 டிகிரியில் செய்தபோது பேண்ட் வந்தது. "பிணைப்பு இல்லை" என்று எழுதுமுன் பஃபரைப் பாருங்கள் என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

—

எனக்கு நேர் எதிர், அக்கா. வந்த பேண்டுதான் சிக்கல். நான் பார்ப்பது பி53, புற்றுநோயைத் தடுக்கும் புரதம். ஜெல்லில் 53 கிலோடால்டன் பக்கம் ஓடும். இழுக்கப் போட்ட ஆன்டிபாடியின் ஹெவி செயின் (அதன் பெரிய துண்டு) 50-இல் நிற்கும், பிளாட்டில் அதுவும் தெரியும். எந்தப் புரதத்தையும் குறிவைக்காத வெறும் ஐஜிஜி ஆன்டிபாடி போட்ட கன்ட்ரோல் லேனிலும் அதே தடிமனில் பேண்ட்! பிறகு கூட்டாளிப் புரதத்தை ராபிட் ஆன்டிபாடியால் இழுத்து, பி53-ஐ மவுஸ் ஆன்டிபாடியால் பிளாட் செய்தோம். மவுஸ் ஆன்டிபாடியைக் காட்டும் செகண்டரி ஆன்டிபாடியை, ராபிட் ஐஜிஜியோடு ஒட்டாததாகத் தேடி எடுத்ததும் கன்ட்ரோல் லேன் காலியானது, ஐபி லேனில் பி53 நின்றது. அன்றுதான் நம்பினேன்.

இந்தப் புரதமே இப்படிக் கிடைத்ததுதான். 1979-இல் எஸ்வி40 வைரஸின் லார்ஜ் டி ஆன்டிஜென் என்ற புரதத்தைப் பிடித்து இழுத்தபோது கூடவே வந்தது. லண்டனில் டேவிட் லேனும் லயனல் கிராஃபோர்டும், பிரின்ஸ்டனில் டேனியல் லின்சரும் அர்னால்ட் லெவினும். (53 என்பது ஜெல் காட்டிய எடை. புரோலின் மிகுந்த பகுதி அதை மெதுவாக ஓட வைக்கிறது. உண்மையில் 44-க்குப் பக்கம்தான்.) கூட வந்த பேண்டை அழுக்கென்று தள்ளாமல் துரத்தினார்களே, நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

—

டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்களோடு (டிஎன்ஏவில் உட்கார்ந்து ஜீனை இயக்கும் புரதங்கள்) வேலை செய்பவர்கள் டிஎன்ஏவையும் சந்தேகப்படுங்கள். ஒன்றையொன்று தொடாமலே ஒரே டிஎன்ஏ துண்டில் உட்கார்ந்திருந்தாலும் இரண்டும் சேர்ந்தே வரும். லைசேட்டில் பென்சோனேஸ் என்சைம் போட்டு டிஎன்ஏவை வெட்டினோம். நாங்கள் பார்த்த இரண்டு ஜோடிகளில் ஒன்று அதற்குப் பிறகும் நின்றது, இன்னொன்று போய்விட்டது. நின்றதை மறுபக்கத்திலிருந்தும் இழுத்தோம், வந்தது. போனதை இப்போது சிப் முறையில் (புரதம் எந்த டிஎன்ஏ இடத்தில் உட்காருகிறது என்று காட்டுவது) பார்க்கிறோம், இரண்டும் ஒரே புரோமோட்டரில், அதாவது ஜீனைத் தொடங்கும் பகுதியில், உட்காருகின்றனவா என்று.