அட்டைப் பக்கத்துத் தலைப்பு நழுவிக்கொண்டே போகிறது, யாராவது உதவுங்கள்

ஓரக்கோடு:

அம்மா எனக்கு எழுதிய கடிதங்களைத் தட்டச்சு செய்து சின்னப் புத்தகமாக்குகிறேன். வேர்டில்தான். ஏ5 அளவு, 24 பக்கம். தட்டச்சு பத்து நாளில் முடிந்துவிட்டது. அலங்காரத்தில் மாட்டிக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது.

அட்டையில் தலைப்பை வேர்ட்ஆர்ட்டில் வைத்தேன். பக்கத்தின் நடுவில் வர மேலே 14 முறை என்டர் தட்டினேன். கீழே அம்மா பெயரைச் சேர்த்ததும் தலைப்பு அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. இழுத்து வந்து வைத்தால், வேறு எதையாவது திருத்தும்போது மறுபடி ஓடுகிறது.

அட்டைக்கு மட்டும் பூ பார்டர் போட்டேன், 24 பக்கத்துக்கும் வந்துவிட்டது. அச்செடுத்தால் பார்டரின் அடிக்கோட்டைக் காணோம், திரையில் இருக்கிறது.

கடைசியாக, ஒவ்வொரு கடிதத்தின் முதலெழுத்தையும் டிராப் கேப் வைத்துப் பெரிதாக்கினேன். அம்மா கடிதம் முக்கால்வாசி ‘நீ’ என்றுதான் தொடங்கும். அந்த ‘நீ’யின் தலைச்சுழி வெட்டுப்பட்டு ‘ந’வும் இல்லாமல் ‘நீ’யும் இல்லாமல் நிற்கிறது. பார்க்கவே சகிக்கவில்லை.

அவசரக்குடுக்கை:

டிசைன் போய் பேஜ் பார்டர்ஸ் திறங்கள். வலப்பக்கம் ‘அப்ளை டு’ என்று இருக்கும். அதில் ‘திஸ் செக்‌ஷன் – ஃபர்ஸ்ட் பேஜ் ஒன்லி’ கொடுங்கள். பார்டர் கதை முடிந்தது. மற்றதற்குப் பெரியவர்கள் வருவார்கள்.

பழைய தட்டச்சர்:

பெரியவன் வந்துவிட்டேன்.

முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நீங்கள் தட்டிய 14 என்டரும் குறியாகத் தெரியும். வேர்டுக்குப் பக்கம் ஒரு பொருட்டே இல்லை. அதற்குத் தெரிந்தது பத்தியும், தனி அமைப்போடு பிரித்த பகுதியான செக்‌ஷனும்தான். எழுத்து எவ்வளவு ஓடுகிறதோ அதை வைத்துப் பக்கத்தைக் கடைசியில்தான் வெட்டும். உங்கள் வேர்ட்ஆர்ட் தாளில் ஒட்டியிருப்பதாக நினைக்கிறீர்கள். அது ஏதோ ஒரு பத்தியின் இடுப்பில் கயிறு கட்டித் தொங்குகிறது. அதைச் சொடுக்கினால் ஓரத்தில் சின்ன நங்கூரம் தெரியும் பாருங்கள், அதுதான் கயிறு கட்டிய இடம். அந்தப் பத்தி அடுத்த பக்கம் போனால் தலைப்பும் பின்னாலேயே போகும்.

அதனால் 14 என்டரையும் அழித்துவிடுங்கள். வேர்ட்ஆர்ட்டைச் சொடுக்கி, ரேப் டெக்ஸ்டில் ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ கொடுங்கள். இனி அது பெரிய எழுத்து ஒன்று மாதிரி வரியிலேயே உட்காரும். அந்த வரியை நடுவில் நிறுத்துங்கள். அட்டையின் கடைசி வரிக்குப் பின் லேஅவுட், பிரேக்ஸ், ‘நெக்ஸ்ட் பேஜ்’. வெறும் பேஜ் பிரேக் போதாது, செக்‌ஷன் பிரேக்தான் வேண்டும். அப்புறம் அட்டையில் கர்சரை வைத்துப் பேஜ் செட்டப்பைத் திறந்தால், லேஅவுட் தாவலில் ‘வெர்டிகல் அலைன்மென்ட்’ இருக்கும். ‘சென்டர்’ கொடுங்கள், கீழே ‘திஸ் செக்‌ஷன்’ என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். அம்மா பெயரோடு பாட்டி பெயரையும் சேர்த்தாலும் எல்லாம் நடுவிலேயே நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்த செக்‌ஷன் பிரேக்கைப் பின்னால் தெரியாமல் அழித்துவிடாதீர்கள். ஒரு பகுதியின் அமைப்பு அதன் முடிவில் இருக்கும் பிரேக்குக்குள்தான் இருக்கிறது. அழித்தால் அட்டை, உள்பக்கங்களின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். இதில் நான் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

அடிக்கோடு காணாமல் போவதற்குக் காரணம் பிரின்டர். தாளின் விளிம்பை ஒட்டி அதனால் அச்சிட முடியாது, கீழ்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடும். வேர்ட் பார்டரை விளிம்பிலிருந்து 24 பாயின்டில் போடுகிறது, சுமார் எட்டரை மில்லிமீட்டர். பார்டர் பெட்டியில் ஆப்ஷன்ஸ் திறந்து 31 வரை ஏற்றலாம், அதற்கு மேல் விடாது. அதுவும் போதாவிட்டால் ‘மெஷர் ஃப்ரம்’ என்பதில் ‘டெக்ஸ்ட்’ கொடுங்கள், பார்டர் உள்ளே வந்துவிடும்.

இனி ‘நீ’. டிராப் கேப் போட்டதும் அந்த எழுத்து தனிச் சட்டத்துக்குள் போய், வரி உயரமும் ‘எக்ஸாக்ட்லி’ என்று இறுகிவிடுகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மேலே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. நமக்கு ‘நீ’க்கு மேலே சுழி, ‘மூ’வுக்குக் கீழே வளைவு. சட்டத்துக்கு வெளியே போவதை அது வெட்டிவிடும். எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அளவை நாலைந்து பாயின்ட் குறைத்துப் பாருங்கள். ‘கொ’ போன்ற எழுத்து உடைந்து புள்ளி வட்டம் வந்தால், எழுத்து முழுவதையும் தேர்ந்தெடுத்துவிட்டு டிராப் கேப் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், 24 பக்கத்தில் அத்தனை பெரிய எழுத்து வேண்டாம். 1450களில் குட்டன்பர்க் அச்சிட்ட தாள்களில்கூட முதலெழுத்துக்கு இடம் விட்டுவைத்து, பிறகு கையால் வரைந்தார்கள். அது நீண்ட நூலில் கண்ணுக்கு ஓர் ஓய்விடம். உங்கள் கடிதங்கள் ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம். பக்கத்துக்குப் பக்கம் ‘நீ’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால் அம்மா அதட்டுவது மாதிரி இருக்கும்.

நாலாம்பத்தி:

லிப்ரெ ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு: ஃபார்மட், பாராகிராஃப் போனால் டிராப் கேப்ஸுக்குத் தனித் தாவல் உண்டு. எத்தனை எழுத்து, எத்தனை வரி என்று அங்கேயே சொல்லலாம், ‘ஹோல் வேர்ட்’ என்றும் இருக்கிறது. தமிழுக்கு இரண்டு வரி போதும், மூன்று வரி முரட்டுத்தனமாகத் தெரியும்.

இன்னொன்று. வேர்ட்ஆர்ட்டில் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ போட்டுத் தலைப்பை வில்லாக வளைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ‘கி’யின் சுழியெல்லாம் நசுங்கிவிடும். கோப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். வேறு கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் வரிகள் எல்லாம் இடம் மாறும்.

ஓரக்கோடு:

குறிகளைக் காட்டச் சொன்னதும் பார்த்தேன். என்டர் 14 இல்லை, 19. அழித்துவிட்டுச் சொன்னபடி செய்தேன், தலைப்பு அசையவில்லை. வேண்டுமென்றே நாலு வரி சேர்த்தும் பார்த்தேன். அடிக்கோடு 31லும் வரவில்லை, ‘டெக்ஸ்ட்’ கொடுத்ததும் வந்தது.

வில்லாகத்தான் வளைத்திருந்தேன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நிமிர்த்திவிட்டேன்.

அதட்டல் விஷயம் சரிதான், அம்மாவிடம் காட்டினேன், சிரித்தார். முதல் கடிதத்துக்கு மட்டும் பெரிய ‘நீ’, இரண்டு வரி உயரத்தில், சுழி முழுசாக. மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன்.