ஸ்ட்ரிங்குக்குள் ஜீரோ பைட்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

நெய்தல்:
\0 (சி மொழியில் ஜீரோ பைட்டை எழுதும் விதம்) உங்களைப் பாடாய்ப் படுத்திய கதை இருந்தால் எழுதுங்கள். என்னுடையது இது. பெயர்ப் பட்டியல் ஒன்று யூடிஎஃப்-16ல், அதாவது இந்த எழுத்துகளுக்கெல்லாம் தலா இரண்டு பைட் எடுக்கும் குறியீட்டு முறையில், வந்தது. வாங்கிக்கொண்டது பழைய சி புரோகிராம். ஆங்கிலத்தில் இருந்த பெயர்களெல்லாம் முதல் எழுத்தோடு நின்றுவிட்டன. தமிழ்ப் பெயர்களோ முழுசாக வந்தன! இன்ஷியல் போட்டவர்களுக்கு மட்டும் அடி: "கு. முருகன்" வெறும் "கு." ஆனார். யூடிஎஃப்-16ல் ஆங்கில எழுத்து, புள்ளி, இடைவெளி எதுவானாலும் அதன் இரண்டு பைட்டில் ஒன்று ஜீரோ. தமிழ் எழுத்துக்கு அந்த இடத்தில் 11 இருக்கும். சி மொழிக்கு ஜீரோவைக் கண்டால் ஸ்ட்ரிங் முடிந்தது. தமிழ் தப்பித்த ஒரே பக் இதுவாகத்தான் இருக்கும்.

பின்னிரவு:
எங்களுக்கு லாக் ஃபைலில். க்ரெப் (ஃபைலுக்குள் தேடும் கட்டளை) போட்டால் வரியைக் காட்டாமல் 'பைனரி ஃபைல்' என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் ஜிபி கணக்கில் அளவு காட்டும், டிஸ்கில் உண்மையில் பிடித்த இடத்தைச் சொல்லும் டியூவைக் கேட்டால் சில எம்பிதான். பழைய லாக்கை ஒதுக்கிவைக்கும் லாக்ரொட்டேட் ஃபைலைக் காலிசெய்கிறது. சர்வரோ அப்பெண்ட் முறையில் (எப்போதும் ஃபைலின் முடிவில் சேர்ப்பது) திறக்காததால், விட்ட இடத்திலிருந்தே எழுதுகிறது. நடுவில் உள்ள பள்ளம் முழுக்க ஜீரோ. க்ரெப்புக்கு -ஏ (எதையும் டெக்ஸ்ட்டாகவே பார் என்பது) கொடுத்து அன்றைய பொழுதை ஓட்டினோம்.

கள்ளிச்செடி:
உங்களுடையதெல்லாம் தொல்லை, அவ்வளவுதான். 2009 பிளாக் ஹேட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் காட்டியது ஆபத்து. ஒரு தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழில் பெயர் "வங்கி.காம்\0.திருடன்.காம்" என்று இருக்கிறது என்று வையுங்கள். சான்றிதழ் கொடுப்பவர் கடைசிப் பகுதியைப் பார்த்து, திருடன்.காம் உரிமையாளர்தானே என்று கையெழுத்திடுகிறார். சான்றிதழுக்குள் பெயரின் நீளம் தனியாகக் குறிக்கப்படுவதால் \0 அங்கே சாதாரண எழுத்து. பிரவுசரோ சி பாணியில் ஒப்பிட்டு, \0 வரை படித்து, வங்கி என்று நம்பிவிடும். செய்தி வந்த வாரம் எங்கள் டீமில் எல்லா ஒப்பீட்டையும் தோண்டினோம். ஒரு பழைய கருவி அப்படியே ஏமாந்தது.

வெப்சைட் எழுதும் மொழியான பிஎச்பியிலும் இதே கதைதான். ஃபைல் பெயரின் கடைசியில் %00 (வெப் முகவரியில் \0 எழுதும் விதம்) சேர்த்து, புரோகிராம் அதன்பின் ஒட்டும் எக்ஸ்டென்ஷனை வெட்டிவிடுவார்கள். பிஎச்பி 5.3.4 பதிப்பு வந்துதான் அடைத்தார்கள்.

வரப்பு:
பிடிஎஃப்பிலிருந்து எடுத்த டெக்ஸ்ட்டில் \0 இருந்தது. பைத்தான் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கு அதுவும் ஓர் எழுத்து. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோ டெக்ஸ்ட் நெடுவரிசையில் ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பியது. பேசாமல் நீக்கிவிடலாமா?

கள்ளிச்செடி:
பயனர் அனுப்பியதென்றால் நீக்காதீர்கள், நிராகரியுங்கள். சரிபார்த்த பிறகு நீக்கினால், சரிபார்த்தது ஒன்று, சேமித்தது வேறொன்று. பிடிஎஃப் குப்பைதானே, முதலிலேயே வழித்துப் போடுங்கள். ஜேசன்பி (போஸ்ட்கிரெஸில் ஜேசன் தரவுக்கான வகை) நெடுவரிசைக்கு மாற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அதுவும் வாங்காது.