50 லட்சம் ரூபாய் கன்வெர்ட்டிபிள் நோட்டுக்கு 12,650 பங்குகளா?

நொய்யல்கரை:

வணக்கம். கோவையில் பம்ப்செட்டுகளுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யும் சிறு நிறுவனமொன்றை நானும் என் கல்லூரித் தோழரும் நடத்தி வருகிறோம். சரியாக 18 மாதங்களுக்கு முன்பு ஏஞ்சல் முதலீட்டாளர் ஒருவர் கன்வெர்ட்டிபிள் நோட் (பின்னர் பங்குகளாக மாறும் கடன்) முறையில் 50 லட்சம் ரூபாயை ஒரே தவணையில் தந்தார். ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி, அடுத்த சுற்றின் பங்கு விலையில் 20 விழுக்காடு தள்ளுபடி, 5 கோடி ரூபாய் வேல்யூவேஷன் கேப் (நோட் பங்காக மாறும்போது நிறுவனத்துக்குக் கொள்ளும் மதிப்பின் உச்சவரம்பு) ஆகியவை அதன் நிபந்தனைகள். இப்போது ஒரு வென்ச்சர் நிதியம் எங்கள் நிறுவனத்தின் பிரீ-மணி மதிப்பை (புதுப் பணம் வருவதற்கு முந்தைய மதிப்பை) 8 கோடியாக வைத்து 2 கோடி ரூபாய் முதலிட முன்வந்திருக்கிறது.

எங்கள் இருவரிடமும் சேர்த்து 1,00,000 பங்குகள் இருக்கின்றன. 8 கோடியை அதால் வகுத்தால் பங்கு ஒன்று 800 ரூபாய். தள்ளுபடி போக 640. அந்த விலையில் 50 லட்சத்துக்கு ஏறத்தாழ 7,812 பங்குகள் வரும் என்று நாங்கள் கணக்கிட்டு வைத்திருந்தோம். நிதியத்தின் வழக்கறிஞர் நேற்று அனுப்பிய கேப் டேபிளிலோ (யாருக்கு எத்தனை பங்குகள் என்ற பட்டியலிலோ) ஏஞ்சலுக்கு நேராக 12,650 என்று இருக்கிறது. கேப், தள்ளுபடி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டார்களா? எங்கே இடறுகிறோம் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பங்கேடு:

இரண்டையும் சேர்த்துப் போடவில்லை. போட்டிருந்தால் எண்ணிக்கை 14,375 ஆகியிருக்கும். வழக்கமான ஒப்பந்தங்களில் கேப் தரும் விலை, தள்ளுபடி தரும் விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே நோட் பங்காக மாறும் விலையாகும். உங்கள் ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கில் முதலில் விடுபட்டது வட்டி. நோட் பங்காக மாறும் நாளில் அசலோடு அதுவரை சேர்ந்த வட்டியும் மாறும் என்று எழுதியிருந்தால், மாற வேண்டிய தொகை 50 லட்சம் அல்ல, 57.5 லட்சம். அடுத்தது கேப். 5 கோடியை 1,00,000 பங்குகளால் வகுத்தால் 500 ரூபாய். இது 640-ஐவிடக் குறைவு என்பதால் தள்ளுபடிக்கு இங்கே வேலையே இல்லை. 57.5 லட்சத்தை 500-ஆல் வகுத்தால் 11,500 பங்குகள்.

ஆயினும் வழக்கறிஞரின் எண் 12,650. பின்னோக்கிக் கணக்கிட்டால் அவர் எடுத்துக்கொண்ட விலை சுமார் 454 ரூபாய் 55 காசு என்றாகிறது. 5 கோடியை எத்தனை பங்குகளால் வகுத்தால் அந்த விலை வரும் என்று பார்த்தால் துல்லியமாக 1,10,000. எனவே நீங்கள் இங்கே குறிப்பிடாத 10,000 பங்குகள் எங்கோ இருக்க வேண்டும். ஊழியர்களுக்குப் பின்னர் தருவதற்கான பங்கு ஒதுக்கீடு, அதாவது எசாப் பூல், ஏதேனும் ஒதுக்கியிருக்கிறீர்களா?

நொய்யல்கரை:

ஒதுக்கியிருக்கிறோம். சென்ற ஆண்டு 10,000 பங்குகளுக்குத் திட்டம் ஒன்றை நிறைவேற்றினோம். இன்றுவரை ஒருவருக்குக்கூட அதிலிருந்து ஒரு பங்கும் தரவில்லை என்பதால் அதைக் கணக்கில் கொள்ளத் தோன்றவில்லை. உங்கள் பதிலைப் படித்த பிறகு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். கேப் விலையைக் கணக்கிடும்போது வழங்கப்பட்டவை, ஒதுக்கி வைக்கப்பட்டவை ஆகிய எல்லாப் பங்குகளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று ஒரு வரி அதில் இருக்கிறது. கையெழுத்திட்ட நாளில் கேப் தொகையைப் பற்றி இரண்டு வாரம் பேரம் பேசிய நாங்கள் இந்த வரியைக் கவனிக்கவே இல்லை.

பங்கேடு:

பெரும்பாலோர் கவனிப்பதில்லை. 5 கோடியா 6 கோடியா என்று வாதாடுகிறார்களே தவிர, அதை எந்த எண்ணிக்கையால் வகுப்பது என்று கேட்பதில்லை.

இதே கேள்வி நிதியத்தின் பங்கு விலைக்கும் பொருந்தும், அங்கே உங்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். 2 கோடி போட்டு, பணம் வந்த பிறகு 10 கோடி ஆகும் நிறுவனத்தில் 20 விழுக்காடு வேண்டும் என்பதே நிதியத்தின் எண்ணம். அதற்காக ஏஞ்சலின் பங்குகளையும் பூலையும் பிரீ-மணிக்கு உள்ளேயே அடக்குவார்கள். அப்போது 8 கோடியை 1,22,650-ஆல் வகுக்க வேண்டும். நீங்கள் நினைத்த 800 ரூபாய், சுமார் 652 ரூபாயாக இறங்கிவிடும். அதில் தள்ளுபடி போனாலும் 520-க்கு மேலே நிற்பதால் கேப் விலையே தொடரும். முடிவில் நிதியத்துக்கு 20 விழுக்காடு, ஏஞ்சலுக்கு 8.25, பூலுக்கு 6.5, உங்கள் இருவருக்கும் சேர்த்து 65.2 விழுக்காடு. நோட்டால் ஏற்படும் நீர்த்தலில் (மற்றவர்களின் விழுக்காடு குறைவதில்) நிதியம் எதையும் சுமப்பதில்லை. டெர்ம் ஷீட்டில் (முதலீட்டின் முக்கிய நிபந்தனைகளைக் கூறும் தாளில்) இன்னும் கையெழுத்திடவில்லை என்றால், நோட் பங்குகள் பிரீ-மணிக்கு உள்ளேயா வெளியேயா என்பதைப் பற்றித்தான் நீங்கள் பேச வேண்டும். ஏஞ்சலின் 12,650-ஐக் குறித்துச் சண்டையிடுவதில் பயனில்லை.

மலைக்கோட்டை சி.எஸ்.:

கணக்கில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. சட்டப் பக்கத்தில் சில சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் நோட் வழியாக வாங்கிய பணம் டெபாசிட் என்று கருதப்படாமல் இருக்க வேண்டுமானால், நிறுவனம் டிபிஐஐடி (மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்பாக இருக்க வேண்டும். ஒருவரிடமிருந்து ஒரே தவணையில் 25 லட்சம் அல்லது அதற்கு மேல் பெற்றிருக்க வேண்டும். நோட் பங்காக மாறவோ திருப்பிச் செலுத்தப்படவோ 5 ஆண்டுகளாக இருந்த காலவரம்பு 2020-இல் 10 ஆண்டுகளாக்கப்பட்டது. இந்த நிபந்தனைகளில் உங்களுக்குச் சிக்கல் இராது. நோட்டை வெளியிடுவதற்கு முன்பே, கம்பெனிகள் சட்டத்தின் 62(3) பிரிவின்படி பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றினீர்களா என்பதை மட்டும் சரிபாருங்கள். நிதியம் ஆவணங்களைச் சோதிக்கும்போது அதை முதலில் கேட்கும்.

இரண்டாவது, டெபாசிட் பற்றிய அந்த விதியில் உள்ள வரையறை நோட் ஈக்விட்டி பங்குகளாக மாறுவதைப் பற்றியே பேசுகிறது. நிதியத்துக்குத் தரப்போகும் முன்னுரிமைப் பங்குகளே தமக்கும் வேண்டும் என்று ஏஞ்சல் கேட்டால் உடனே தலையசைத்துவிடாதீர்கள். 57.5 லட்சத்துக்கு ஈடாக 12,650 பங்குகள் வாங்கியவருக்கு, பங்குக்கு 652 ரூபாய் வீதம் முன்னுரிமைத் தொகை (நிறுவனம் விற்கப்பட்டாலோ கலைக்கப்பட்டாலோ முதலில் தரப்படும் தொகை) கிடைத்தால் அது சுமார் 82.5 லட்சமாகிவிடும். அமெரிக்காவில் இதைத் தவிர்க்கவே, உரிமைகள் ஒன்றாகவும் முன்னுரிமைத் தொகை மட்டும் குறைவாகவும் உள்ள தனி வகைப் பங்குகளை வெளியிடுகிறார்கள்.

மூன்றாவது, யாரும் கேட்காத கேள்வி. அந்த 7.5 லட்சம் வட்டிக்கு டிடிஎஸ் பிடித்தீர்களா? ஏஞ்சலின் கையில் பணமாக எதுவும் தராவிட்டாலும், வட்டியைக் கணக்கேட்டில் வரவு வைக்கும்போதே 10 விழுக்காடு பிடித்து அரசுக்குச் செலுத்தியாக வேண்டும்.

நொய்யல்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. சிறப்புத் தீர்மானம் கோப்பில் இருக்கிறது. டிடிஎஸ் பிடிக்கவில்லை. எங்கள் கணக்காளர் வட்டியைத் தனியாக எழுதாமலே வைத்திருந்தார். தாமதத்துக்கான வட்டியோடு சேர்த்து இந்த வாரமே கட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். 75,000 ரூபாய் பிடித்தம் போனால் மாற வேண்டிய தொகை 56.75 லட்சமாகி, பங்குகள் 12,485 ஆகின்றன. மாறுவது முழு வட்டியா, பிடித்தம் போக எஞ்சியதா என்று ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஏஞ்சலின் ஆடிட்டருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். நிதியத்துடன் வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது. அதில் பிரீ-மணி விஷயத்தைத்தான் முதலில் எடுக்கப்போகிறோம்.