‘நான் நடக்கிற மாதிரி’: ஹேங்க் வில்லியம்ஸ் பாட்டில் வஞ்சகம் யாருடையது?

எட்டுக்கம்பி:
பக்கத்து இழையில் ஒருத்தர் தீர்ப்பே எழுதிவிட்டார். அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் ‘யுவர் சீட்டின் ஹார்ட்’ (‘உன் வஞ்சக நெஞ்சு’) என்பது ஆட்டிப்படைத்த முன்னாள் மனைவியிடமிருந்து தப்பித்தவன் கொடுக்கும் வாக்குமூலமாம். அதற்கு 27 லைக் வேறு. அவள் அவனை ஆட்டிப்படைத்தாள் என்று பாட்டில் எந்த வரியில் இருக்கிறது? கிடைத்த அன்பைத் தூக்கி எறிந்தாள் என்று ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் இனிமேல் நடக்கப்போவது: அழுவாய், தூக்கம் வராது, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாய். இதற்குப் பெயர் வாக்குமூலமா, சாபமா? அவன் தன்னைப் பற்றி நிகழ்காலத்தில் சொல்வது ஒரே இடத்தில்தான். ‘நான் நடக்கிற மாதிரி நீயும் ராத்திரியில் நடப்பாய்.’ நடக்கிற! தப்பித்தவன் எதற்கய்யா இன்னும் நடக்கிறான்?

தராசு:
எழுதியது அடியேன்தான். லைக் 31 ஆகிவிட்டது, திருத்திக்கொள்ளவும். 1952இல் ஹேங்குக்கும் மனைவி ஆட்ரிக்கும் விவாகரத்து. நாஷ்வில் வீடு ஆட்ரிக்கு, பையன் ஆட்ரியிடம், மறுமணம் செய்யாதவரை ராயல்டியிலும் பாதி ஆட்ரிக்கு. அதே வருஷம் செப்டம்பர் 23, காசில் ஸ்டூடியோவில் இந்தப் பாட்டுப் பதிவு. காரில் போகும்போது ஆட்ரியைப் பற்றிப் பேசிக்கொண்டே ஹேங்க் வரிகளைச் சொல்ல, தான் எழுதிக்கொண்டதாக அடுத்து அவர் மணந்த பில்லி ஜீனே சொல்லியிருக்கிறார். இன்னும் என்ன வேண்டும், நோட்டரி முத்திரையா?

எட்டுக்கம்பி:
வேண்டாம், நீங்கள் சொன்னதே போதும். கட்டிக்கொள்ளப்போகிறவள் கையில் பேப்பரைக் கொடுத்து, பழைய மனைவிக்குச் சாபம் எழுத வைக்கிறான். இதில் ஆட்டிப்படைப்பது யார்? அக்டோபர் 15ஆம் தேதி பாபி ஜெட் என்ற இன்னொரு காதலியின் வயிற்றிலிருந்த குழந்தைக்காக ஒப்பந்தத்தில் கையெழுத்து. 19ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் டிக்கெட் விற்று, மேடையில் பில்லி ஜீனோடு கல்யாணம். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் குடியால் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற நாஷ்வில் வானொலி நிகழ்ச்சியிலிருந்து வெளியே அனுப்பியிருந்தார்கள். உங்கள் அப்பாவியின் 1952 இது. சரி, அந்த ஆளை விடுங்கள், பாட்டுக்கு வாருங்கள். ‘நடக்கிற.’ பதில் எங்கே?

பழையதட்டு:
ரெண்டு பேருக்கும் ஒரு தகவல். ராத்திரி தூக்கம் கெட்டு வீட்டுக்குள் நடப்பது கன்ட்ரி பாட்டில் தேய்ந்த படிமம். எர்னஸ்ட் டப் 1941இலேயே ‘வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ’ என்று பாடி ஹிட்டாக்கிவிட்டார். நம் பாட்டில் தலைவி உடல் மெலிந்து வளையல் கழன்று விழுவது போல. அதற்காக வளையலை எடுத்து அளவு பார்ப்பீர்களா?

எட்டுக்கம்பி:
அளவு பார்ப்பேன். டப் பாட்டில் நடப்பவன் பாடகன் மட்டும். இங்கே அவளையும் நடக்க விடுகிறான், அளவுகோல் தானே என்கிறான். அந்தச் சொல் எங்கே விழுகிறது என்று கிடாரில் பாருங்கள். சி-யில் வாசித்தால், ‘நடப்பாய்’ என்கிற இடம் சி கார்டு. உடனே சி7, அதாவது மூன்றாம் கம்பியின் மூன்றாம் கட்டையில் சுண்டுவிரல். அந்த பி ஃப்ளாட் காதை இழுத்துக்கொண்டு போய் எஃப்பில் இறக்கும் இடம்தான் ‘நான் நடக்கிற மாதிரி’. முதல் அடியில் ‘அழுவாய்’ விழுவதும் இதே எஃப்பில்தான். அவள் அழப்போவதும் அவன் நடந்துகொண்டிருப்பதும் ஒரே படியில். இது தற்செயலா?

தராசு:
ஒரே மெட்டு திரும்பி வந்தால் ஒரே கார்டும் திரும்பித்தான் வரும். இதைக் கண்டுபிடிக்க எட்டுக் கம்பி வேண்டாம், ஒரு கம்பி போதும்.

மூணு_கார்டு:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ‘கண்ணீர் மழையாய்’ பகுதியில் டி மைனர் வருவதால்தானே அந்தச் சோகம்? பெடல் ஸ்டீல் கிடாரும் அங்கே சேர்ந்து அழும். எனக்குப் பாடகன் மேல் பரிதாபம்தான்.

எட்டுக்கம்பி:
தம்பி, ஒரே மூச்சில் இரண்டு தப்பு. அந்தப் பாட்டில் மைனர் கார்டே கிடையாது. எஃப், சி, டி7, ஜி7 என்று போகும். டி மைனருக்கு முதல் கம்பியில் முதல் கட்டை, டி7க்கு அதே கம்பியில் இரண்டாம் கட்டை. அந்த எஃப் ஷார்ப்தான் ஜி-யை நோக்கி முட்டும். மைனர் போட்டால் முட்டல் போய்விடும், ‘என் பெயரைக் கூப்பிடுவாய்’ என்கிற மிரட்டல் கெஞ்சலாகிவிடும். கோவிட் காலத்தில் யாரோ போட்ட தமிழ் கிடார் பாடத்தில் இந்தத் தப்பு இருக்கிறது. அதைப் பார்த்துப் பாதிப் பேர் கெட்டார்கள். அடுத்து, ஹேங்கின் ஸ்டீல் கிடார்காரர் டான் ஹெல்ம்ஸ் வாசித்தது பெடலே இல்லாத கிப்சன் கன்சோல் கிராண்ட். இரண்டு கழுத்து, ஒவ்வொன்றிலும் எட்டுக் கம்பி. பெடலை மிதித்துச் சுரத்தை வளைக்கும் சத்தம் ஹிட்டானது 1954இல், வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’யில். அப்போது ஹேங்க் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்.

மூணு_கார்டு:
அழுகிற மாதிரி இருக்கிறது என்றுதானே சொன்னேன்.

எட்டுக்கம்பி:
அழவில்லை. இரும்பு உருளையைக் கம்பி மேல் வழுக்கி, பாலம் பக்கத்து உச்சியிலேயே நிறுத்துகிறார், பாடகனின் குரலில் முட்டாமல் இருக்க. காதில் குத்துகிற மாதிரிதான் இருக்கும். சாபத்துக்குப் பொருத்தம்.

பழையதட்டு:
போன தடவை ட்யூனிங் இழையிலும் இப்படித்தான், ஒரு பையன் ஏதோ கேட்டான், அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை.

எட்டுக்கம்பி:
அவன் ஹெல்ம்ஸின் ட்யூனிங் சி6 என்று தப்பாகச் சொன்னான். ஹேங்க் பாட்டுகளில் ஹெல்ம்ஸ் கையாண்டது ஈ6. தப்பைத் தப்பு என்று சொல்லக் கூடாதா?

தராசு:
பெடலுக்குப் பின்னால் ஒளிந்தது போதும். ‘உன் வஞ்சக நெஞ்சே உன்னைக் காட்டிக்கொடுக்கும்’ என்று பாட்டு நாலு தடவை சொல்கிறது. காட்டிக்கொடுக்க ஒரு குற்றம் இருந்தாக வேண்டும். அவளிடம் ஒளித்து வைத்த ஒன்று இருக்கிறது. அதுதான் வஞ்சகம்.

பழையதட்டு:
‘காட்டிக்கொடுக்கும்’ என்றால் போலீஸ்காரன் வேலை ஆகிவிடுகிறது. ‘உறுத்தும்’ என்று எழுதுங்கள். நெஞ்சு ஊருக்குச் சொல்லவில்லை, அவளுக்கே சொல்கிறது.

தராசு:
நீங்கள் எர்னஸ்ட் டப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா. மொழிபெயர்ப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எட்டுக்கம்பி:
நாலு தடவை அவள் இதயம். சரி. அவன் நடப்பது இரண்டு தடவை. அந்தப் பகுதி மொத்தமாகத் திரும்பி வருகிறது. முதல் தடவை வாய் தவறியது என்று வைத்துக்கொண்டாலும் இரண்டாவது தடவைக்கு என்ன சொல்வீர்கள்? பாட்டைச் சீர்செய்ய அவரது பதிப்பாளர் ஃப்ரெட் ரோஸ் பக்கத்தில் இருந்தார், ஹேங்க் பாட்டுகளை வெட்டித் திருத்திப் பழக்கப்பட்டவர். அவரும் அந்த வரியை விட்டுவைத்திருக்கிறார்.

தராசு:
ஃப்ரெட் ரோஸ் விட்டுவைத்தது விற்கும் என்பதற்காக. 1953இல் விற்றது. வேதவாக்கு என்று நீங்கள்தான் வைத்திருக்கிறீர்கள்.

பழையதட்டு:
இசைத்தட்டில் ‘கா-லைகா’ என்ற பாட்டுதான் முன்பக்கம். இது பின்பக்கம்தான். யாராவது அதைச் சொல்கிறீர்களா என்று காலையிலிருந்து பார்க்கிறேன்.

எட்டுக்கம்பி:
யாருக்குத் தெரியாது? 78 சுற்றுத் தட்டின் லேபிளை நானே போன இழையில் போட்டேன், நீங்கள்தான் அதற்கும் நன்றி சொல்லவில்லை. தராசு, இன்னும் பதில் வரவில்லை. நடக்கிற. நிகழ்காலம்.

தராசு:
44 லைக்.

மூணு_கார்டு:
டி7 போட்டுப் பார்த்தேன். எனக்கு இன்னும் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

எட்டுக்கம்பி:
முதல் கம்பியில் விரல் இரண்டாம் கட்டையில்தான் இருக்கிறதா, பாருங்கள்.